பொலிகாளைக்கு எத்தனை மார்க்?

ஆஸ்திரேலியாவில் ஆங்கஸ் இனப் பொலிகாளை ஏலத்துக்கு வருகிறவர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு காளையின் பெயருக்குக் கீழும் ஒரு கட்டம், அதற்குள் கூட்டல் கழித்தல் குறிகளோடு வரிசையாக எண்கள். பிறப்பு எடை, 200, 400, 600 நாள் எடை, பால், விரைச் சுற்றளவு, விலாவின் மேல் கொழுப்பு, தசைக்குள் இழையோடும் கொழுப்பு என்று பட்டியல் நீளும். முதுகையும் தொடையையும் பார்த்தே மாடு பிடித்துப் பழகியவருக்குக் குதிரைப் பந்தயப் புத்தகத்தைப் புரட்டுவது போலத்தான் இருக்கும்.

இந்த எண்கள் காளையைத் தராசில் ஏற்றி எடுத்தவை அல்ல. அதன் மரபுத் திறன் இவ்வளவு இருக்கலாம் என்ற கணிப்பு. ஒரு காளைக்கு 600 நாள் எடை +120, இன்னொன்றுக்கு +100 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 கிலோ. கன்றுக்குத் தகப்பனிடமிருந்து பாதிதான் வரும். ஆகவே ஒரே மாதிரிப் பசுக்களோடு சேர்த்தால், முதல் காளையின் கன்றுகள் சராசரியாக 10 கிலோ கூடுதலாக நிற்கும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. சினைக்காலம், பிறப்பு எடை போன்றவற்றில் பெரும்பாலோர் தேடுவது சின்ன எண்ணைத்தான்.

நல்ல மேய்ச்சலில் வளர்ந்த சாதாரணக் காளையும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பிறகு தீவனத்தையும் பிறவிக் குணத்தையும் எப்படிப் பிரிப்பது? ஒரே பண்ணையில், ஒரே பருவத்தில் பிறந்து, ஒன்றாக வளர்ந்த கன்றுகளை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுவார்கள். அதோடு தாய், தகப்பன், உடன்பிறப்பு, பிள்ளைகள் என்று சொந்தபந்தம் முழுவதன் பதிவுகளும் கணக்கில் சேரும். இதற்கான கணிதத்தை வகுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் ஹெண்டர்சன். அதைப் பண்ணைக்காரர் கைக்குக் கொண்டுவந்த 'பிரீட்பிளான்' திட்டம், ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவாகி 1985இல் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் நம்பகத்தன்மை சதவீதமாகத் தரப்பட்டிருக்கும். கன்றே இல்லாத இளங்காளைக்கு அது குறைவு. வால்மயிரின் வேரிலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சோதித்தால் கொஞ்சம் கூடும்.

இத்தனை எண்களில் எதைப் பிடித்துக்கொள்வது? வேகமாக வளரும் காளையின் கன்றுகள் பிறக்கும்போதே பெரிதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தலையீற்றுக் கிடேரிகள் ஈன முடியாமல் தவிக்கும். எடையை மட்டும் துரத்தினால் தொழுவத்தில்தான் வினை வரும். இதற்கு வழி சொன்னவர் மரபியலாளர் லனாய் ஹேசல், 1943இல். ஒவ்வொரு குணத்தின் மதிப்பையும் அது தரும் லாபத்தின் அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் குறியீடு என்ற ஒற்றை எண் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் அதை டாலரிலேயே சொல்கிறார்கள்.

லாபம் சந்தைக்குச் சந்தை மாறும், அதோடு குறியீடும். மாதக்கணக்கில் தானியம் கொடுத்து ஜப்பானுக்கு அனுப்பும் மாட்டுக்குத் தசைக்குள் ஓடும் கொழுப்பு காசு. புல்மேய்ச்சலில் வளர்த்து விற்பவருக்கு அதில் அவ்வளவு வரும்படி இல்லை. அதனால் ஒரு குறியீட்டில் மேலே நிற்கும் காளை இன்னொன்றில் கீழே இறங்கிவிடும். டாலர் மதிப்பை மட்டும் பார்த்துக் கை தூக்குவது எனக்கு அவசரமாகவே படுகிறது. இரண்டு காளைகளுக்கு ஒரே மதிப்பு இருக்கலாம்: ஒன்று அதை எளிதாகக் கன்று ஈனவைக்கும் குணத்தால் எட்டியிருக்கும், மற்றது கொழுப்பால். மந்தையில் பாதி கிடேரியாக வைத்திருப்பவர் முதல் காளைக்குத்தான் கை தூக்க வேண்டும்.