துலாவும் வாய்க்காலும்

தேர்தல் முடிவுகள் வெளிவரும் இரவில் நம் வீடுகளில் உறக்கம் இருப்பதில்லை. முன்னாளில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோம். இந்நாளில் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நோக்கியிருக்கிறோம். அன்றும் இன்றும், தாளும் பென்சிலுமாக அமர்ந்து ஆசனங்களைக் கூட்டிக் கழிப்பவர் ஒருவர் வீட்டுக்கு வீடு உண்டு. ஒரு கட்சி பெருவெற்றி பெற்றுவிட்டால் அவருடைய கணக்கு விரைவில் முடிந்துவிடும். இரு பெருங்கட்சிகளும் ஏறக்குறையச் சமமாக வந்து நின்றுவிட்டாலோ, அவர் முகத்தில் ஒரு தனி ஒளி தோன்றும். “இனி நம்மவர் கையிலேதான் எல்லாம் இருக்கிறது” என்பார்.

அந்த மகிழ்ச்சிக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு? இக்கேள்விக்கு விடை காண 1960ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது நலம். மயிலிட்டியை உள்ளடக்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதி திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களே அந்த நாடகத்தின் நடுவில் நின்றார். ஆகவே, இது நம் ஊருக்கு அயலார் கதை அன்று.

ஐம்பதும் நாற்பத்தாறும்

பிரதமர் பண்டாரநாயக்கா 1959 செப்டெம்பரில் கொலையுண்டார். அதன் பின்னர் நிகழ்ந்த முதலாவது பொதுத் தேர்தல் 1960 மார்ச் 19ஆந் திகதி நடைபெற்றது. பிரதிநிதிகள் சபைக்கு மக்கள் தெரிவு செய்யும் உறுப்பினர் 151 பேர், நியமன உறுப்பினர் அறுவர், ஆக 157. ஆட்சி நடத்த 79 பேரின் ஆதரவு வேண்டும்.

முடிவுகள் வந்தபோது ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனங்களும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46 ஆசனங்களும் கிடைத்திருந்தன. இலங்கைத் தமிழரசுக் கட்சி 15 இடங்களைப் பெற்று மூன்றாம் நிலையில் நின்றது. லங்கா சமசமாஜக் கட்சிக்கும் மக்கள் ஐக்கிய முன்னணிக்கும் பத்துப் பத்து. எந்தப் பெருங்கட்சியாலும் தனித்து ஆள இயலாது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கியது.

கூடிய ஆசனம் பெற்ற கட்சியின் தலைவர் என்ற முறையில் திரு. டட்லி சேனநாயக்கா பிரதமரானார். தமிழரசுக் கட்சி தன் ஆதரவுக்கு நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. பிரதேச சபைகள் அமைதல் வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழியாதல் வேண்டும். மலையக மக்களின் குடியுரிமைச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். அது நிறைவேறும் வரை நியமன உறுப்பினர் அறுவருள் நால்வர் அம்மக்களின் பிரதிநிதிகளாதல் வேண்டும். பிரதமர் அவற்றை ஏற்கவில்லை.

சபை கூடிய முதல் நாளே அரசாங்கம் நிறுத்திய சபாநாயகர் வேட்பாளர் தோற்றார், திரு. ரி. பி. சுபசிங்க தெரிவானார். ஏப்பிரல் 22ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது, அரசாங்கத்துக்குச் சார்பாக 61 வாக்குகளும் எதிராக 86 வாக்குகளும் விழுந்தன. ஒரு மாத காலமே வாழ்ந்த அரசு கவிழ்ந்தது.

அடுத்து என்ன நிகழும் என்று நம்மவர் எதிர்பார்த்தனர்? சபையில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் தலைவராயிருந்த திரு. சி. பி. டி. சில்வா ஆட்சி அமைக்க அழைக்கப்படுவார். அவருக்குத் தமிழரசுக் கட்சி துணை நிற்கும். அக்கட்சியோடு கண்ட உடன்பாடு நிறைவேறும் என்று எதிர்பார்த்தனர். மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணத்திலக்காவோ தோற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்றுச் சபையைக் கலைத்துவிட்டார்.

யூலையில் மீண்டும் தேர்தல். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 75, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30, தமிழரசுக் கட்சிக்கு 16. திருமதி சிறீமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். நியமன உறுப்பினரும் இடதுசாரிக் கட்சிகளின் நேசமும் அவருக்குப் போதுமாயிருந்தன. இவ்விடத்தில் மாணாக்கர் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மார்ச்சில் பதினைந்து, யூலையில் பதினாறு. ஆசனம் ஒன்று கூடியது. செல்வாக்கோ முற்றும் குறைந்தது. சபையில் ஒரு கட்சியின் நிறையை அதன் தொகை மட்டும் நிர்ணயிப்பதில்லை. மற்றவர்களுக்கு எத்தனை குறைகிறது என்பதே நிர்ணயிக்கிறது.

“ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி” என்ற பழமொழியை அப்போது நம்மவர் பலர் நினைந்திருப்பர். 1961 ஜனவரி முதல் தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது.

துலா மிதிப்பவரின் நிலை

நீர் இறைக்கும் இயந்திரம் வருமுன் நம் தோட்டக் கிணறுகளில் துலா இருந்ததை முதியோர் அறிவர். ஆடுகாலின் மேல் நீண்ட மரம் கிடக்கும். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் நாலடி முன்னே வைத்தால் பட்டை கிணற்றுள் இறங்கும். நாலடி பின்னே வைத்தால் நீரோடு மேலே வரும். மரமோ பெரிது, மிதிப்பவரோ ஓர் ஆள். ஆயினும் சமனாக நிற்கும் மரத்தை அசைக்க அவர் காலடி போதும்.

ஆனால், அவர் மிதிப்பதால் மட்டும் வெங்காயப் பாத்தி நனைந்துவிடுமா? கீழே பட்டை பிடித்து ஊற்ற ஒருவர் வேண்டும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற இன்னொருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். வாய்க்கால் இல்லாத தோட்டத்தில் விடியவிடிய மிதித்தாலும் நீர் கிணற்றடியிலேயே ஊறிப்போகும். சமநிலைப் பாராளுமன்றத்தில் சிறு கட்சியின் நிலை அதுவே. அரசாங்கத்தை இறக்கவும் ஏற்றவும் அதனால் இயலும். அந்த ஆற்றல் மக்களுக்குப் பயன்படுவது சட்டம் என்னும் வாய்க்கால் வழியாகவே.

கவிழ்த்தால் பயன் இல்லை. தாங்கினால் கிடைக்குமா என்று கேட்கலாம். அதையும் நம் தலைவர்கள் சோதித்துப் பார்த்தனர். 1964 டிசம்பர் 3ஆந் திகதி திருமதி பண்டாரநாயக்காவின் அரசு 73க்கு 74 என ஒரே வாக்கால் தோற்றது. முன்னர் பிரதமராக வரவிருந்த அதே சி. பி. டி. சில்வா, பதின்மூவருடன் எதிரணிக்குச் சென்று அதைத் தோற்கடித்தார். 1965 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 41, தமிழரசுக் கட்சிக்கு 14. மீண்டும் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. இம்முறை மார்ச் 24ஆந் திகதி டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தமிழரசுக் கட்சியின் சார்பில் திரு. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

பலன் யாது? 1966 ஜனவரியில் தமிழ் மொழி விசேட விதிகள் சபையில் நிறைவேறின. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான மாவட்ட சபைத் திட்டமோ 1968இல் வெள்ளை அறிக்கையாக வந்து, எதிர்ப்பின்முன் கைவிடப்பட்டது. அவ்வாண்டே திருச்செல்வம் பதவி துறந்தார். ஆக, கவிழ்த்தும் பார்த்தோம், தாங்கியும் பார்த்தோம். இரண்டினாலும் எண்ணியது முழுதும் எய்தவில்லை.

நெருக்கமே தடையாவது எங்ஙனம்?

நம்மிற் பலர் இதனை வாக்குத் தவறல் என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றனர். வாக்குத் தவறியது உண்மையே. ஆயினும் அது ஏன் திரும்பத் திரும்ப, கட்சி மாறினும் மாறாது நிகழ்ந்தது? அதன் காரணத்தை ஆராய்வது கல்வி கற்றோர் கடன்.

இரு பெருங்கட்சிகள் சமமாக நிற்கும்போது சிறு கட்சியின் தயவு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அதே வேளையில், சமமாக நிற்பதனாலேயே அவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று அஞ்சுகின்றன. சிறுபான்மையோருக்கு ஒன்றைக் கொடுத்தவர் பெரும்பான்மையோரிடம் சில ஆயிரம் வாக்குகளை இழந்தாலும் ஆட்சியை இழந்துவிடுவார். கொடாதவர் அதனைச் சொல்லியே ஆட்சியைப் பிடித்துவிடுவார். நமக்கு நிறையைத் தரும் அதே நெருக்கம், கொடுப்பவரின் கையையும் கட்டிவிடுகிறது.

வரலாறு இதற்குச் சான்று. 1957 யூலையில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் எழுந்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி கண்டியை நோக்கி யாத்திரை புறப்பட்டு எதிர்த்தது. 1958 ஏப்பிரலில் ஒப்பந்தம் கிழிந்தது. 1960 யூலைத் தேர்தலில், சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியோடு இரகசிய உடன்பாடு செய்துவிட்டது என்று ஐக்கிய தேசியக் கட்சி மேடைதோறும் முழங்கியது. 1966இல் தமிழ் மொழி விதிகள் வந்தபோது எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் சுதந்திரக் கட்சியினரும் அவர்தம் இடதுசாரித் தோழரும். எதிர்த்தவர்கள் மாறினர், எதிர்ப்பு மாறவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விதி அன்று. பிரித்தானியாவில் 1979 மார்ச் 28ஆந் திகதி பிரதமர் கலஹனின் அரசு 310க்கு 311 என ஒரே வாக்கால் வீழ்ந்தது. ஸ்கொத்லாந்துக்குத் தனிச் சபை கேட்டு நின்ற ஸ்கொத்லாந்து தேசியக் கட்சியின் பதினொரு உறுப்பினரும் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தனர். அடுத்து வந்த மே மாதத் தேர்தலில் அப்பதினொன்று இரண்டாகக் குறைந்தது. திருமதி தட்சர் பெரும்பான்மையோடு வந்தார். ஸ்கொத்லாந்துக்குப் பாராளுமன்றம் கிடைத்தது 1999இல். அதற்குமுன் அவர்கள் அரசியற் கட்சிகளையும் சமய நிறுவனங்களையும் தொழிற் சங்கங்களையும் ஒன்றுகூட்டித் திட்டம் வரைந்தார்கள். 1997இல் மக்கள் வாக்கைப் பெற்றார்கள். கவிழ்த்த வாக்குக் கொடாததைத் திரட்டிய கருத்துக் கொடுத்தது.

எழுதியது நின்றது

அண்மைக் காலத்திலும் அதே துலா நம் முன்னே வந்தது. 2015 ஓகஸ்ட் தேர்தலில் 225 ஆசனங்களில் ஐக்கிய தேசிய முன்னணிக்கு 106, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 95, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16. 2018 ஒக்டோபர் 26ஆந் திகதி சனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்சவை நியமித்தார். நவம்பர் 9ஆந் திகதி பாராளுமன்றத்தையும் கலைத்தார்.

1960இல் சபை கலைந்ததும் கதை முடிந்தது. 2018இல் முடியவில்லை. 2015இல் நிறைவேறிய பத்தொன்பதாந் திருத்தம், நாலரை ஆண்டு கழியுமுன் சபையைக் கலைக்கலாகாது என்று எழுதி வைத்திருந்தது. தமிழ்க் கூட்டமைப்பின் தலைவர் திரு. இரா. சம்பந்தனும் ஏனையோரும் நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 12ஆந் திகதி கூட்டமைப்பின் ஆதரவோடு 117 உறுப்பினர் விக்கிரமசிங்கவில் நம்பிக்கை தெரிவித்தனர். மறுநாள் கலைப்புச் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் எழுதியது நின்றது. ஆனால், எழுதி முடிக்கப்படாத புதிய அரசியலமைப்பு முயற்சி, 2019இலும் 2020இலும் ஆட்சி மாறியபோது கரைந்து போயிற்று. 2020இல் பத்தொன்பதாந் திருத்தமுமே மாற்றப்பட்டது. வெட்டிய வாய்க்காலையும் ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும் என்பதற்கு அதுவே பாடம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றபோது, துலாவில் ஏற எவருக்கும் அழைப்பே வரவில்லை.

வாக்குறுதிக்கும் ஆவணத்துக்கும் உள்ள தொலைவை மயிலிட்டி மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990 யூனில் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்களுக்குத் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது 2017 யூலையில். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் எத்தனை தேர்தல்கள், எத்தனை மேடைகள்! இடம்பெயர்ந்த முகாமில் பிறந்த குழந்தை, தன் ஊர்க் கடலைக் காணுமுன் வாக்காளராகிவிட்டது.

ஆகவே, அடுத்த முறை நெருக்கமான முடிவு ஒன்று வரும்போது, தாளும் பென்சிலுமாக அமர்பவர் ஆசனங்களைக் கூட்டட்டும். கூட்டிய பின்னர் அதே தாளின் மறுபுறத்தில் மூன்று கேள்விகளையும் எழுதட்டும். நம்மவர் கேட்பது சட்ட வடிவில் வரையப்பட்டு ஆயத்தமாக இருக்கிறதா? அதனை நிறைவேற்ற நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா? எதிரணியில் இருப்பவர்களிடமும், அவர்களுக்கு வாக்களிக்கும் சிங்கள மக்களிடமும் அதன் நியாயத்தை எடுத்துரைக்க நாம் யாது செய்தோம்? முதலிரு கேள்விகளுக்கும் தலைவர்கள் விடை கூறவேண்டும். மூன்றாவது கேள்வி படித்த நம் இளைஞரையும் சார்ந்தது. அடுத்தவர் மொழியைக் கற்று, அவர்களுடைய பத்திரிகையில் நம் வழக்கை எடுத்துரைக்க வல்ல பத்துப் பேர், சபையில் கூடும் ஓர் ஆசனத்துக்குக் குறைந்தவர் அல்லர்.

சமநிலை நம் விருப்பப்படி வருவதன்று; தென்னிலங்கை வாக்காளரின் மனம் அதனைத் தருகிறது, அதுவே பறித்தும் கொள்கிறது. அது வரும் நாளை நாம் நிர்ணயிக்க இயலாது. வருமுன் வாய்க்கால் வெட்டி வைப்பதோ முழுதும் நம் கையில் இருக்கிறது.