வண்டியின் மூச்சும் அனலும்

நம் பல்கலைக்கழகப் பட்டறையில் மாணவர்கள் கூடித் தம் கையாலேயே ஒரு பந்தயக் கார் கட்டி வருவதை நண்பர்கள் அறிவீர்கள். நம் சங்கத்தாரும் அதில் சிலர் உண்டு. எட்டிப் பார்ப்போர் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதே. கட்டுவோரை வாட்டும் கேள்வியோ வேறு. காற்றை எங்கிருந்து உள்ளே எடுப்பது? அனலை எவ்வழியே வெளியே விடுவது? பௌதிகம் பயில்பவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது கூற விழைகிறேன்.

எஞ்சின் பெட்ரோலால் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது உட்கொள்வதில் பெரும்பங்கு காற்றே. 1 கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று ஆகிறது. காற்று சூடேறினால் விரியும். அதே கன அளவில் அதன் எடை குறையும். 30 பாகை செல்சியஸில் உள்ள காற்று 60 பாகைக்கு ஏறினால் அடர்த்தி 9 விழுக்காடு குறைகிறது. ஆக்சிஜன் குறைகிறது, வலுவும் குறைகிறது. தீமை அதோடு நிற்பதில்லை. தீப்பொறி மூட்டிய சுடர் பரவி முடியுமுன்னரே மிஞ்சிய கலவை தானாக வெடிக்கவும் சூடான காற்று இடந்தரும். 'டக் டக்' என்னும் அந்த ஓசை நீடித்தால் பிஸ்டன் பழுதாகும்.

மாணவர் போட்டிகளில் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. பார்முலா பாரத் போன்ற பந்தயங்களில், பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே கழுத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தினும் சிறிய வாய் அது! அத்துணைச் சிறிய வாயால் குடிக்கும் காற்று குளிர்ந்ததாக இருக்க வேண்டாமா?

இனி அனலைக் காண்போம். பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகிறது. முழு வேகத்தில் அந்தப் புகையின் வெப்பம் 700 முதல் 900 பாகை வரை இருக்கும். குழாயின் மேற்புறம் 600 பாகை என்று கொள்வோம். 40 மில்லிமீட்டர் விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள துண்டு, கதிர்வீச்சால் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் வெப்பத்தைச் சொரிகிறது. நம் விடுதி அறைகளில் வார்டன் பறிமுதல் செய்யும் மின்சார அடுப்புக்கு அது ஈடு! நம் காரில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அமர்கிறது. புகை வெளிவரும் வாய் அவர் பக்கமாகவே நோக்குகிறது. இடையில் தீத்தடுப்புத் தகடு இருந்தே தீர வேண்டும் என்று விதி வகுத்தது இதனாற்றான்.

பரிகாரம் என்ன? முதலாவது, இடம். காற்று நுழையும் வாய் சைலன்சருக்கும் ரேடியேட்டருக்கும் எதிர்ப்புறத்தில், வெளிக்காற்று நேரே படும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, மறைப்பு. பளபளப்பான அலுமினியத் தகடு கதிர்வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆயினும் அது குழாயைத் தொடலாகாது; அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேற்புறத்தைத் திறந்து வைத்தால், சூடான காற்று அடுக்களைப் புகைபோக்கியில் போவது போலத் தானே எழுந்து போகும். மூன்றாவது, குழாயின்மேல் கண்ணாடி இழை நாடா சுற்றுதல். இது மேற்புற வெப்பத்தைக் குறைக்கும். 600 பாகை 500 ஆனாலே கதிர்வீச்சு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. ஆனால் எண்ணெயோ பெட்ரோலோ கசிந்து நாடாவில் ஊறினால் தீப்பற்றும். ஈரம் தங்கினால் சாதாரண எஃகுக் குழாய் துருவேறும். ஆதலின் அடிக்கடி தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும்; எஞ்சின் ஆறிய பிறகுதான்!

பலரும் எண்ணிப் பாராத ஆபத்து ஒன்று உண்டு. வண்டி ஓடும்போதைவிட நின்றவுடனேதான் சுற்றியுள்ள பாகங்கள் மிகவும் சூடேறும். எதிர்க்காற்று நிற்கிறது, எஞ்சினோடு சுழலும் நீர்ப் பம்பும் நிற்கிறது, உலோகத்தில் தேங்கிய வெப்பம் மட்டும் நிற்பதில்லை. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடும்பந்தயத்தில் நடுவே எஞ்சினை நிறுத்தி ஓட்டுநர் மாற வேண்டும். அச்சில நிமிடங்களில் பெட்ரோல் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றினால் எஞ்சின் மீண்டும் எழாது. ஓராண்டு உழைப்பும் அங்கேயே நின்றுவிடும். பெட்ரோல் குழாயைச் சைலன்சரிலிருந்து விலக்கி அமைப்பதும், எஞ்சின் நின்ற பின்னும் சுழலும் மின்விசிறி வைப்பதும் இதற்காகவே.

நாம் செய்தது சரிதானா என்று அறிய ஊகம் போதாது. காற்று நுழையும் வாயில் ஒரு வெப்பமானி, நிழலில் வெளியே ஒன்று. இரண்டின் வேறுபாட்டையும் ஓட்டத்திலும், நிறுத்திய பின் பத்து நிமிடமும் குறித்துக்கொண்டால் உண்மை விளங்கும். குறித்துக்கொள்ளத்தான் பட்டறையில் ஆள் போதவில்லை. எஞ்சினியரிங் மாணவராக இருக்க வேண்டுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய நண்பர் எவரும் வரலாம்.