பங்கின் விலையைச் சொல்வது ஆவணங்களே

செகந்திராபாத்தை அடுத்த போவன்பள்ளியில் உள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் காய்கறிச் சந்தையில் விலை பேசுவது கடினமன்று. தக்காளிப் பெட்டி கண்முன்னே இருக்கிறது. வாங்குபவர் தொட்டுப் பார்க்கிறார், எடை போடுகிறார், விலை படிகிறது. இதே சந்தையில் விற்காமல் அழுகும் காய்கறிக்கும் மதிப்பு உண்டு. ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பத்தால் இயங்கும் உயிரிவாயு ஆலை ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ உயிரி எரிபொருளும் தருவதாக 2021 ஜனவரி 31 அன்று பிரதமரின் வானொலி உரையிலேயே எடுத்துக்காட்டப்பட்டது.

இந்த ஆலையால் ஊக்கம் பெற்ற இருவர் அதே துறையில் ஒரு தனியார் நிறுவனத்தைத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் ஒருவர் 1 கோடி ரூபாய் தர முன்வருகிறார். அதற்கு ஈடாக எத்தனை பங்குகள் தருவது? பங்கைத் தொட்டுப் பார்க்கவோ எடை போடவோ இயலாது. அதன் மதிப்பைச் சொல்லும் சாட்சிகள் ஆவணங்கள் மட்டுமே. அவற்றை எவ்வாறு ஒழுங்குசெய்வது என்பதை இங்கே காண்போம்.

யார் மதிப்பிடுவது?

தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் புதிய பங்குகளை வழங்கும்போது, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கொண்டே விலை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உள்ள சொத்தை அவர் மதிப்பிடலாகாது. ஆகவே நமது கணக்குகளை எழுதும் தணிக்கையாளரே ஒரு கையெழுத்தில் முடித்துத் தருவார் என்று எண்ணியிருப்பது தவறு.

நியாய மதிப்புக்கு மேற்பட்ட விலையில் பங்கு வழங்கினால் மிகைத் தொகைக்கு விதிக்கப்பட்டுவந்த ‘ஏஞ்சல் வரி’, 2012-இல் அறிமுகமாகி 2024-ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. இனி மதிப்பீடே தேவையில்லை என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. நிறுவனங்கள் சட்டத்தின் கடமை அப்படியே இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு வந்தால் அன்னியச் செலாவணி விதிகளின் விலை வரம்பும் உடன் வருகிறது.

முதல் ஏடு: பங்குதாரர் பட்டியல்

மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது இதைத்தான். நமது கற்பனை நிறுவனத்தில் நிறுவனர்களிடம் 1,00,000 பங்குகள் உள்ளன. நிறுவனத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் என்று முடிவாகிறது. பங்கு ஒன்றுக்கு 500 ரூபாய், முதலீட்டாளருக்கு 20,000 பங்குகள், நமக்கு 83.3 விழுக்காடு என்று நிறுவனர்கள் கணக்கிடுகின்றனர்.

ஆனால், முதல் பொறியாளருக்கு 10,000 பங்குகள் தருவதாக ஒரு மின்னஞ்சலில் வாக்களித்திருக்கிறார்கள். முன்பு ஒருவர் தந்த 30 லட்சம் ரூபாய், 15,000 பங்குகளாக மாறக்கூடிய கடன். இவற்றையும் சேர்த்தால் பங்குகள் 1,25,000. விலை 400 ரூபாய். முதலீட்டாளருக்கு 25,000 பங்குகள் போகும். மொத்தம் 1,50,000-இல் நிறுவனர்களின் பங்கு 66.7 விழுக்காடாகிவிடும். முதலீட்டாளருக்கு இரு கணக்கிலும் 16.7 விழுக்காடுதான், குறைவு முழுவதும் நிறுவனர்களின் தலையில் விழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு இதை அறிந்து வருந்துவதைவிட, வாய்மொழி வாக்குறுதி உட்பட அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிடுவது நன்று.

எதிர்காலத்தின் கணக்கு

இளம் நிறுவனத்தின் மதிப்பு பெரும்பாலும் இனி வரப்போகும் வருவாயில் இருக்கிறது. அந்த வருவாயை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்து காண்பது ஒரு முறை. ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கும் 1 கோடி ரூபாய், ஆண்டுக்கு 25 விழுக்காடு தள்ளுபடியில் இன்று 32.8 லட்சமே. இடர் மிகுந்தால் தள்ளுபடி விகிதமும் மிகும். இடர் குறைவு என்பதைக் காட்டும் ஆவணம் மதிப்பை உயர்த்தும். கழிவை நாள்தோறும் தருவதற்குச் சந்தையுடன் செய்த எழுத்து ஒப்பந்தம், எரிவாயுவை வாங்குவோரின் கொள்முதல் ஆணை, நில வாடகைப் பத்திரம் ஆகியவை இல்லாத வருவாய்க் கணிப்பு வெறும் விருப்பமே.

உரிமை யாருடையது என்பதும் முக்கியம். தொழில்நுட்பம் ஓர் ஆய்வு நிறுவனத்தினுடையது எனில் அதைப் பயன்படுத்தும் உரிம ஒப்பந்தம் வேண்டும். வடிவமைப்பு நிறுவனர் ஒருவருடையது எனில் அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிய பத்திரம் வேண்டும். அவர் நாளை விலகினால் நிறுவனத்திடம் எஞ்சுவது என்ன என்பதே முதலீட்டாளரின் கேள்வி.

வங்கி இருப்பும் நம்பிக்கையும்

ஐதராபாத் மறவாத நாள் 2009 ஜனவரி 7. கணக்கில் காட்டப்பட்ட ரொக்கம் மற்றும் வங்கி இருப்பான 5,361 கோடியில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் கடிதம் எழுதினார். ஒரே நாளில் அதன் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. மதிப்பீட்டின் அடித்தளம் கணக்குகளின் உண்மையே என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

சிறு நிறுவனங்களில் பொய்யைவிடக் குழப்பமே அதிகம். நிறுவனரின் சொந்தச் செலவும் நிறுவனத்தின் செலவும் ஒரே கணக்கில் கலந்திருக்கும். ஜி.எஸ்.டி. விவரத்தாளில் ஒரு விற்பனைத் தொகை, கணக்கேட்டில் இன்னொன்று இருக்கும். வங்கி அறிக்கை, வரி விவரங்கள், கணக்கேடு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் ஒப்பிட்டு வைத்தால், மதிப்பீட்டாளரின் கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை தயாராக இருக்கும்.

பணம் வந்த பின்பும் கடமை உண்டு

தனிப்பட்ட முறையில் வழங்கும் பங்குகளுக்கான தொகையை ரொக்கமாகப் பெறக் கூடாது. காசோலை, வரைவோலை அல்லது பிற வங்கி வழியாகவே பெற வேண்டும். அதைப் பட்டியலிடப்பட்ட வங்கி ஒன்றில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பெற்ற 60 நாட்களுக்குள் பங்குகளை ஒதுக்கி, ஒதுக்கிய 15 நாட்களுக்குள் பி.ஏ.எஸ்.-3 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை அப்பணத்திலிருந்து சம்பளம் கொடுப்பதும் கூடாது. வெளிநாட்டு முதலீடாயின், ஒதுக்கிய 30 நாட்களுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவமும் தேவை.

முதலீட்டாளர் கதவைத் தட்டிய பின் ஆவணம் தேடத் தொடங்கினால், அவசரம் பேரத்தில் நம்மைத் தாழ்த்தும். மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்குவது நலம். பங்குதாரர் பட்டியல், தீர்மான ஏடு, கணக்குகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள், வழக்கு விவரம் என ஆறு கோப்புகள் போதும். சந்தைக்குப் போகும் விவசாயி முந்தைய இரவே காயைத் தரம் பிரித்து அடுக்கி வைக்கிறார். நாமும் அவ்வாறே செய்வோம்.