காதல் மனைவியைப் பிடித்த ஆவி!

பக்கத்தில் படுத்திருப்பவள் ஆசை மனைவி. முகம் அவளுடையது, கையும் காலும் அவளுடையவை. ஆனால், வாயைத் திறந்தால் வருவது ஓர் ஆணின் குரல்! அதுவும், அறுபது வருஷங்களுக்கு முன் தூக்கில் தொங்கி மாண்ட ஒருவனின் குரல்!

கணவன் என்ன செய்வான்? பயந்து ஓடிவிடுவானா? டாக்டரைத் தேடுவானா? மந்திரவாதியைத் தேடுவானா? அல்லது, இனிமேல் கும்பிடுவதில்லை என்று கோபத்தோடு உதறித் தள்ளிய தெய்வத்திடமே திரும்பிப் போவானா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 2008-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி ஓர் இந்திப் படம் வெளியாயிற்று. படத்தின் பெயர் "1920". பெரிய நட்சத்திரங்கள் யாரும் அதில் இல்லை. கதாநாயகன் ரஜ்னீஷ் துக்கலுக்கும் கதாநாயகி அதா சர்மாவுக்கும் அதுதான் முதல் படம். டைரக்டர் விக்ரம் பட், "ராஸ்" என்ற பேய்ப் படத்தை எடுத்து 2002-ல் வெற்றி கண்டவர். "1920" ஜனங்களுக்குப் பிடித்துப் போய், அதே வரிசையில் மேலும் நான்கு படங்கள் வந்துவிட்டன என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

மதம் கடந்த காதல்

அர்ஜுன் சிங் ரதோட் ஒரு கட்டடக்கலை நிபுணன். ஹனுமானைக் குலதெய்வம் போலக் கொண்டாடும் குடும்பத்தில் பிறந்தவன். தானும் நாள் தவறாமல் வழிபடுகிறவன். அவன் லிஸா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைக் காதலிக்கிறான். வீட்டார் சம்மதிக்கவில்லை. சம்மதிக்காதது மட்டுமா? அந்தப் பெண்ணை உயிரோடு கொளுத்திவிடவும் துணிகிறார்கள்! அர்ஜுன் அவளைக் காப்பாற்றி அழைத்துக்கொண்டு வெளியேறுகிறான். "இப்படிப்பட்டவர்கள் கும்பிடும் கடவுள் எனக்கு வேண்டாம்" என்று வழிபாட்டையும் விட்டுவிடுகிறான்.

பிறகு பாலம்பூரில் ஒரு வேலை கிடைக்கிறது. காட்டுக்கு நடுவே உள்ள பழைய மாளிகையை இடித்துவிட்டு ஹோட்டல் கட்ட வேண்டும். முன்னால் அந்த வேலைக்கு வந்தவர்கள் மர்மமாக மாண்டு போனது அவனுக்குத் தெரியாது. கணவன் வேலை மேல் போய்விடுகிறான். பெரிய மாளிகையில் லிஸா தன்னந்தனியே இருக்கிறாள். பூட்டிய அறை, யாரோ வாசிக்கும் இசை, கதவுக்குப் பின்னால் நடமாட்டம். கொஞ்சம் கொஞ்சமாக லிஸா மாறுகிறாள். ஒரு நாள் அவள் பேசுவது லிஸாவின் பேச்சாகவே இல்லை!

சட்டம் கேட்ட விலை

கதாநாயகன் காதலுக்காகக் கடவுளை விட்டான் என்பது சினிமாவுக்காகச் செய்த கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். 1920-ல் சட்டமே ஏறக்குறைய அப்படித்தான் கேட்டது!

அப்போது அமலில் இருந்தது 1872-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம். மதச் சடங்கு இல்லாமல் அந்தச் சட்டப்படி பதிவு மணம் செய்துகொள்ள விரும்பும் ஆணும் பெண்ணும், "நான் ஹிந்து அல்ல, கிறிஸ்துவர் அல்ல, முஸ்லிம் அல்ல" என்று இப்படி வரிசையாக மறுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருவரில் ஒருவர் கிறிஸ்துவராயிருந்தால், கிறிஸ்துவ விவாகச் சட்டப்படி மணந்துகொள்ள வேறொரு வழி உண்டு. ஆனால், அவரவர் மதத்தில் அவரவர் இருந்துகொண்டு, இரண்டுக்கும் பொதுவான ஒரு மேஜைக்கு முன்னால் நின்று மணம் செய்துகொள்ள வழி கிடையாது. 1923-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஹிந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், ஜைனர்கள் ஆகியோர் தங்களுக்குள் மணந்துகொள்ள மட்டும் சலுகை கிடைத்தது. அர்ஜுனும் லிஸாவும் அப்போதும் வெளியேதான் நின்றிருப்பார்கள். மதத்தைத் துறக்காமலே யாரும் யாரையும் பதிவு மணம் புரியலாம் என்ற நிலை 1954-ல்தான் பிறந்தது.

ஆகவே, 1920-ம் வருஷத்து லிஸாவைப் பிடிப்பதற்கு ஆவி எதுவும் வருமுன்பே, ஊரும் உறவும் சட்டமும் அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டுதான் இருந்தன.

தூக்கில் தொங்கிய துரோகி

ஆவி யாருடையது? கதை 1857-க்குப் பின்னோக்கிப் போகிறது. சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்த காலம். அந்த மாளிகையில் வசித்த காயத்ரி என்ற பெண்ணிடம், காயம்பட்ட ஒருவன் அடைக்கலம் கேட்டு வருகிறான். பெயர் மோகன் காந்த். தேசத்துக்காகப் போராடும் வீரன் என்று நம்பி அவள் இடம் கொடுக்கிறாள். உண்மையில் அவன் சொந்தத் தோழர்களைக் காட்டிக் கொடுத்த துரோகி! உண்மை தெரிந்ததும் காயத்ரி, அவன் ஆசைக்கு இணங்குவது போல் நடித்து, சிப்பாய்கள் வந்து சேரும்வரை அவனைப் பிடித்து வைக்கிறாள். "ஒரு நாள் உன்னை அடைந்தே தீருவேன்" என்று சபதமிட்டுவிட்டுச் சாகிறான் அவன். மறுபிறவி எடுத்த காயத்ரிதான் லிஸா என்பது கதை.

பேயையும் தேசத் துரோகியையும் ஒன்றாக்கியது சாமர்த்தியமான யோசனை. ரசிகர்கள் அந்த ஆவிக்காக இரக்கப்பட மாட்டார்கள் அல்லவா? ஆனால், ஒன்று கவனித்தீர்களா? 1920 என்றால் மகாத்மா காந்தி ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய வருஷம். தேசமே கொந்தளித்த அந்த வருஷத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட படத்தில், கொந்தளிப்பின் சப்தம் அந்த மாளிகைக் கதவுக்குள் வரவே இல்லை!

இங்கிலாந்தில் ஒரு பாலம்பூர்

நிஜமான பாலம்பூர், ஹிமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் உள்ள அழகான ஊர். தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. ஆனால், படத்தில் நாம் பார்க்கும் மாளிகை அங்கே இல்லை. அது இங்கிலாந்தில் யார்க்ஷயரில் உள்ள அல்லர்ட்டன் காசில்! கூர்ச் சிகரங்களும் வானளாவிய மண்டபமுமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. 2005-ல் தீப்பிடித்து ஒரு பகுதி சேதமாயிற்று. பிறகு பழுது பார்த்தார்கள்.

நிஜக் காங்க்ராவில் அப்படியொரு மாளிகை 1857-லிருந்து 1920 வரை ஆடாமல் அசையாமல் நின்றிருக்குமா என்பது சந்தேகமே. 1905-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி அந்தப் பள்ளத்தாக்கையே உலுக்கியெடுத்த பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள். கட்டடங்களில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாயின. சினிமாப் பேய் பூகம்பத்தையும் வென்றுவிட்டது போலும்!

சங்கீதத்திலும் ஓர் ஆச்சரியம் உண்டு. இசையமைப்பு அத்னான் சாமி. ஹிந்துஸ்தானி சங்கீத மேதை பண்டிட் ஜஸ்ராஜ் இந்தப் பேய்ப் படத்துக்காகப் பாடியிருக்கிறார்! சினிமாவுக்கு அவர் பாடியதே மிக அபூர்வம்.

தாத்தா ராமரை எடுத்தார். பேரன் பேயை எடுத்தார்

விக்ரம் பட்டின் தாத்தா யார் தெரியுமா? 1943-ல் "ராம ராஜ்யம்" எடுத்த டைரக்டர் விஜய் பட்! காந்திஜி பார்த்த ஒரே இந்தியப் படம் என்று சொல்வார்களே, அதுதான். தமிழிலும் டப் செய்யப்பட்டு ஓடிய படம். விக்ரம் பட்டின் தந்தை பிரவீண் பட், "உம்ராவ் ஜான்" படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்.

தாத்தா ராமனைத் திரைக்குக் கொண்டுவந்தார். பேரன் தன் கதாநாயகியைக் காப்பாற்ற ராமனின் தூதனை அழைத்தார்! உச்சக் கட்டத்தில் மாதா கோவில் பாதிரியார் தாமஸின் ஜபம் பலிக்கவில்லை. கடவுளை விட்டுவிட்ட அர்ஜுன், துளசிதாசர் இயற்றியதாகச் சொல்லப்படும் நாற்பது பாக்கள் கொண்ட ஹனுமான் சாலீஸாவை ஓதுகிறான். ஆவி தோற்கிறது.

வரிசையில் ஐந்தாவதாக 2023-ல் வந்த படத்தை எடுத்தவர் விக்ரம் பட்டின் மகள் கிருஷ்ணா பட். நான்காம் தலைமுறை! தமிழ் ரசிகர்களுக்கும் தூரத்து உறவு உண்டு. மூன்றாவது படமான "1920 லண்டன்" கதாநாயகி மீரா சோப்ரா, "அன்பே ஆருயிரே"யில் நிலா என்ற பெயரில் நடித்தவர். முதல் படத்துக் கதாநாயகி அதா சர்மா பின்னாளில் "சார்லி சாப்ளின் 2"-ல் நடித்தார்.

கதை முடிவில் ஒரு நெருடல் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதத்தின் பெயரால் ஒரு பெண்ணைக் கொளுத்த வந்தவர்களைக் கண்டித்துத் தொடங்கிய படம், இறுதியில் அவளுடைய பாதிரியாரைத் தோற்கடித்து, அவனுடைய வழிபாட்டை ஜெயிக்க வைக்கிறது. காதலனின் நம்பிக்கை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது சந்தோஷமே. லிஸாவின் நம்பிக்கைக்கு என்ன கிடைத்தது?

பேயா? நோயா?

இந்தி சினிமாவில் பேய் புதிதல்ல. 1949-ல் வந்த "மஹல்" படத்தில் மதுபாலா ஊஞ்சலாடியதைக் கண்டு தேசமே சிலிர்த்தது. 1964-ல் "வோ கௌன் தீ?" வந்தது; அதைத்தான் தமிழில் ஜெயலலிதா நடிக்க "யார் நீ?" என்று 1966-ல் எடுத்தார்கள். இந்த இரண்டிலும் கடைசியில் "பேய் இல்லை, எல்லாம் மனிதன் செய்த வேலை" என்று தெரிந்துவிடும். 1973-ல் அமெரிக்காவில் "எக்ஸார்சிஸ்ட்" வந்து உலகத்தை நடுங்க வைத்த பிறகே, பேய் நிஜமாகவே ஒருத்தியின் உடம்பில் புகுந்து ஆட்டும் கதைகள் இந்தியில் பெருகின. 1980-ல் வந்த "கெஹ்ராயி" அவற்றில் குறிப்பிடத் தக்கது. "1920"-ம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால், அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன், 2007-ல், "பூல் புலையா" என்ற படம் வந்திருந்தது. மலையாள "மணிச்சித்ரத்தாழ்" கதை. தமிழில் "சந்திரமுகி"யாக நாம் கண்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பழைய மாளிகை. புதிதாகக் குடிவரும் தம்பதிகள். தனியே விடப்படும் மனைவி. மாளிகையின் பழைய கதை. பிறகு அவள் வாயிலிருந்து வேறொருவரின் குரல். ஒரு படம் "இது மனநோய்" என்கிறது. மற்றது "இது ஆவி" என்கிறது. ஆனால், மனநோய் என்று சொன்ன படத்து டாக்டர்கூட மருந்து கொடுத்துக் குணப்படுத்தவில்லை. பூஜை, நெருப்பு, பழிவாங்கும் நாடகம் எல்லாம் நடத்தித்தான் குணப்படுத்தினார்!

வாழ்க்கையிலும் அந்த இரண்டு வழிகளும் பின்னிக்கொண்டுதான் கிடக்கின்றன. ராஜஸ்தானத்தில் மெஹந்திபூர் பாலாஜி கோவில் இருக்கிறது. அங்கே பாலாஜி என்பது ஹனுமான். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களை அங்கே அழைத்து வருகிறார்கள். அதைப் பற்றி மனோதத்துவ அறிஞர் சுதீர் கக்கர் 1982-ல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலிலும் வேறொருவராக மாறிப் பேசும் இந்த நிலைக்குத் தனி இடம் உண்டு. திருவிழாவில் சாமி வந்து ஆடுவதை அது நோயாகக் கொள்வதில்லை. தானாக வந்து, நிற்காமல், வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய்.

லிஸாவை ஒரு நல்ல மனோதத்துவ டாக்டர் பார்த்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார்? "என்னம்மா நடந்தது?" என்று கேட்டிருப்பார். கொளுத்த வந்த கூட்டம், வேலை வேலை என்று போய்விடும் கணவன், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மாளிகை எல்லாம் அப்போது வெளியே வந்திருக்கும். சாந்தமான மருமகள் வாயால் சொல்ல முடியாததைப் பேய் பிடித்தவள் சொல்லலாம். யாரும் அவளைக் கோபிக்க மாட்டார்கள். கோபமெல்லாம் பேயின் மேல்தான் போகும்.

பேயின் மேல் போகும் கோபம் அந்தப் பெண்ணின் உடம்பிலேயே விழுவதுதான் ஆபத்து. அடி, சூடு, சங்கிலி! சங்கிலி என்ன செய்யும் என்பதை நம் தமிழ்நாடு கண்ணெதிரே கண்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், கொட்டகையில் பற்றிய தீயிலிருந்து தப்ப முடியாமல் கருகி மாண்டார்கள். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்கிறது.

"1920" படத்தில் ஆவி பொய்யாக இருக்கலாம். யார்க்ஷயர் பாலம்பூரும் பொய்தான். ஒன்று மட்டும் பொய்யல்ல. மனைவி யாரோ ஒருவனின் குரலில் தன்னைத் திட்டியபோதும், அர்ஜுன் அவளை விட்டு ஓடவில்லை. "இவள் பேய்" என்று சொல்லாமல், "இவள் லிஸா" என்றே கடைசிவரை நினைத்தான். கோவிலுக்கு அழைத்துப் போகிறவர்கள் போகட்டும். ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகட்டும். ஆனால், அந்த நினைப்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.