கீமோவுக்கு முன் கிடைக்கும் இரண்டு வாரம்: புற்றுநோய்க்குப் பிறகும் தாயாக முடியுமா?

உங்களுக்கு 28 வயது என்று வைத்துக்கொள்வோம். மார்பில் ஒரு கட்டி. பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது, புற்றுநோய்தான். டாக்டர் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பாதி காதில் விழுகிறது, பாதி விழவில்லை. அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறார். "அடுத்த வாரமே கீமோ ஆரம்பிச்சிடலாம்" என்கிறார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வருகிறீர்கள்.

"எனக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா?" என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அதைக் கேட்பதே சுயநலம் போலத் தோன்றும். வீட்டில் கேட்டாலும் "முதல்ல நீ நல்லபடியா வா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த விஷயத்தில் 'அப்புறம்' என்பது பல பேருக்குத் தாமதமாகிவிடுகிறது. கீமோ தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் முக்கியம்.

கீமோ கருமுட்டையை என்ன செய்கிறது?

ஆண்கள் உடலில் விந்தணு தொடர்ந்து உற்பத்தியாகிறது. பெண்களுக்கு அப்படி இல்லை. பிறக்கும்போதே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளோடு பிறக்கிறோம். வயதுக்கு வரும்போது அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். பேங்க்கில் ஒரே ஒருமுறை போட்ட டெபாசிட் மாதிரி. எடுக்க மட்டும்தான் முடியும், திரும்பப் போட முடியாது.

வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைக்கும் கீமோ மருந்துகள், இந்த இருப்பையும் சேர்த்தே கரைக்கின்றன. எல்லா மருந்தும் ஒரே அளவு பாதிப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் பயன்படும் சைக்ளோபாஸ்ஃபமைடு வகை மருந்துகள் சினைப்பையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியவை. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்குக் கொடுக்கும் சில மருந்துக் கூட்டணிகளில் ஆபத்து குறைவு. வயதும் முக்கியம். 25 வயதில் தாங்கும் சினைப்பை, 38 வயதில் அதே மருந்தைத் தாங்காமல் போகலாம். இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் என்றால் சினைப்பையோடு கருப்பையும் பாதிக்கப்படலாம்.

கீமோ முடிந்து பீரியட்ஸ் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. பீரியட்ஸ் வந்தாலும் முட்டை இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கலாம், மெனோபாஸ் பல வருடம் முன்கூட்டியே வரலாம். நேர்மாறாக, பீரியட்ஸ் நின்றுவிட்டது என்பதாலேயே கர்ப்பம் ஆகாது என்றும் இருந்துவிடக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம். முட்டை இருப்பு எவ்வளவு என்று ஓரளவு கணிக்க ஏ.எம்.ஹெச் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உதவும்.

எத்தனை நாள் ஆகும்?

பலரும் பயப்படுவது இதற்குத்தான். 'புற்றுநோயை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா?' முன்பெல்லாம் அடுத்த பீரியட்ஸ் வரும்வரை காத்திருந்துதான் ஊசியைத் தொடங்குவார்கள். இப்போது மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். தினமும் ஹார்மோன் ஊசி, நடுநடுவே ஸ்கேன், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பது. எல்லாம் சேர்த்து சுமார் இரண்டு வாரம். மார்பகப் புற்றுநோயில் முதலில் ஆபரேஷன் என்றால், அதற்கும் கீமோவுக்கும் இடையில் சில வாரங்கள் எப்படியும் கிடைக்கும். அந்த இடைவெளியிலேயே வேலையை முடித்துவிடலாம்.

'ஹார்மோன் ஊசி போட்டால் கட்டி வளராதா?' நியாயமான சந்தேகம். ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, ஊசியோடு லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் அளவை ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படிச் செய்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்பும் ஆபத்து கூடியதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டவில்லை.

எடுத்த முட்டைகள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்படும். கருமுட்டை உறையவைப்பதைப் 'பரிசோதனை முறை' பட்டியலிலிருந்து அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-லேயே நீக்கிவிட்டது. திருமணமானவர்கள் கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாகவும் சேமிக்கலாம். ஆனால் கரு என்பது இருவருக்கும் சொந்தம். நாளை பிரிந்துவிட்டால் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. அதனால் திருமணமானவர்களும் கொஞ்சம் முட்டைகளைத் தனியாக வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். (இதைச் சொன்னால் அபசகுனம் என்பார்கள். பரவாயில்லை.)

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். பத்து முட்டை எடுத்தால் பத்து குழந்தை என்று அர்த்தம் இல்லை. சில முட்டை உருகும்போதே போகும், சில கருவாகாது, சில கரு தங்காது. ஒரு வாய்ப்பைச் சேமிக்கிறோம், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகாத பெண்கள்?

நம்மூரில் விஷயம் சிக்கலாவது இங்கேதான். முட்டை எடுப்பதும் ஸ்கேன் செய்வதும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாக. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் வேணாம்" என்று வீட்டில் அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். தேவைப்பட்டால் வயிற்றின் மேல் வழியாகவே ஸ்கேன் செய்யவும், முட்டை எடுக்கவும் வழி இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். சட்டமும் தடையாக இல்லை. 2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, 21 வயதைக் கடந்த, 50 வயதுக்கு உட்பட்ட பெண், திருமணம் ஆகாதவராக இருந்தாலும் இந்த மையங்களை நாடலாம்.

வாடகைத்தாய் சட்டம் வேறு மாதிரி. ரேடியேஷனாலோ ஆபரேஷனாலோ கருப்பையை இழந்த பெண், திருமணம் ஆகாதவராக இருந்தால், இன்றைய சட்டப்படி வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற முடியாது. தம்பதிகளுக்கும், 35 முதல் 45 வயதுக்குள் உள்ள விதவைகள், விவாகரத்து ஆனவர்களுக்கும் மட்டுமே அனுமதி. முட்டை பத்திரமாக ஃப்ரீஸரில் இருக்கும், சுமக்க ஆள் இருக்க முடியாது. இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இரண்டு வாரம்கூட இல்லை என்றால்?

தீவிர ரத்தப் புற்றுநோயில் சில நாட்களுக்குள் கீமோ தொடங்கியாக வேண்டும். வயதுக்கு வராத சிறுமிகளுக்கு ஊசி போட்டு முட்டை எடுக்கவே முடியாது. சிறுமிகளுக்கும், நேரமில்லாத மற்றவர்களுக்கும் உள்ள வழி, லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பைத் திசுவையே எடுத்து உறையவைப்பது. 1997-ல் பெல்ஜியத்தில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்த ஒரு பெண்ணுக்குக் கீமோவுக்கு முன் இப்படிச் செய்தார்கள். நோய் குணமான பிறகு 2003-ல் அந்தத் திசுவைத் திரும்பப் பொருத்தினார் டாக்டர் ஜாக் டோனே. 2004-ல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்த முறையில் பிறந்த உலகின் முதல் குழந்தை அதுதான். ரத்தப் புற்றுநோயில் மட்டும் திசுவுக்குள் நோய் செல்கள் ஒளிந்திருந்து உடலுக்குத் திரும்பும் அபாயம் உண்டு என்பதால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

கீமோ நடக்கும்போது சினைப்பையைத் 'தூங்க வைக்கும்' ஊசியும் இருக்கிறது, கோசெரலின் அதில் ஒன்று. 2015-ல் வெளியான ஆய்வில், ஹார்மோன் சாராத மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களில் இந்த ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் சினைப்பை செயலிழந்தது. நல்ல துணை. ஆனால் முட்டை சேமிப்புக்கு மாற்று அல்ல.

குழந்தை பெற்றால் நோய் திரும்புமா?

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 வருடம் எடுக்க வேண்டும். 32 வயதில் தொடங்கினால் முடிக்கும்போது நாற்பதை நெருங்கிவிடும். இடையில் நிறுத்திக் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? 'பாசிட்டிவ்' என்ற சர்வதேச ஆய்வு 2023-ல் இதற்கு ஒரு பதில் தந்தது. ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மருந்து எடுத்த பிறகு, கர்ப்பத்துக்காக இரண்டு வருடம் வரை நிறுத்திய சுமார் 500 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று வருடத்தில் 8.9 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியது. ஒப்பிட்டுப் பார்த்த குழுவில் அது 9.2 சதவீதம். அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. 64 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். நீண்ட காலக் கண்காணிப்பு தொடர்கிறது, அதனால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

யார் அனுப்புவது, யார் கட்டுவது?

தமிழ்நாட்டில் கருத்தரிப்பு மையத்துக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்ட் எதிரில்கூட போர்டு தெரியும். குறை என்னவென்றால், புற்றுநோய் டாக்டரிடமிருந்து அந்த மையத்துக்குப் போகும் ஒரு சின்ன பரிந்துரைச் சீட்டு பல நேரம் எழுதப்படுவதே இல்லை. அதனால் நீங்களோ உடன் வருபவரோதான் கேட்க வேண்டும்: "இந்த மருந்து என் கருவுறும் தன்மையைப் பாதிக்குமா, தொடங்கும் முன் ஒரு ஃபெர்ட்டிலிட்டி டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கா?"

செலவு லட்சத்தைத் தாண்டும். வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் தனி. கருவுறாமை தொடர்பான சிகிச்சை இந்திய மருத்துவக் காப்பீடுகளில் வழக்கமான விலக்குகளில் ஒன்று. கீமோவுக்குப் பணம் தரும் பாலிசி, அந்தக் கீமோ பறித்துக்கொண்டதைக் காப்பாற்றத் தராது. ஆபீஸ் குரூப் பாலிசியில் சில இடங்களில் தளர்வு இருக்கலாம், ஹெச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. கருவை 10 ஆண்டுகள் வரைதான் சேமிக்கலாம் என்கிறது சட்டம். உங்கள் சொந்த முட்டைக்கு என்ன கால வரம்பு, கட்டணம் கட்டத் தவறினால் என்ன செய்வார்கள் என்பதை மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் எஸ்.எம்.எஸ் எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள். சிகிச்சை நடுவே நம்பர் மாற்றினால் மையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.