மௌனமான முகவரிகளையும் எண்ண வேண்டும்

இணையத்தில் தகவல் வந்துசேர முகவரி எண் தேவை. இன்றும் பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. இப்போது அவை விலைக்குக் கைமாறுகின்றன. எனவே, வழங்கப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் இயங்குகின்றன என்பது பணமும் கொள்கையும் சார்ந்த கேள்வி.

இதை அளக்கும் வழி எளிது. ஒவ்வொரு முகவரிக்கும் ‘பிங்’ எனப்படும் சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகிறதா என்று பார்ப்பார்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘இசட்மேப்’ என்னும் மென்பொருள், ஒரே கணினியைக் கொண்டு ஐபிவி4 வெளி முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் துழாவ முடியும் என்று காட்டியது. எந்த ஒரு வலையமைப்பும் திணறாதபடி, முகவரிகளை வரிசை மாற்றி அது தட்டுகிறது.

ஆனால், பதில் வராததாலேயே அங்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீச்சுவர் என்னும் பாதுகாப்பு ஏற்பாடு, கேள்வியை வாசலிலேயே தடுத்துவிடும். மறுபுறம், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கைபேசிகள் இருக்கலாம். ஆகவே, இந்தக் கணக்கு கேட்டபோது பதில் சொன்ன முகவரிகளின் எண்ணிக்கை மட்டுமே. மக்கள்தொகையோ கருவிகளின் தொகையோ அல்ல.

எப்படிக் கேட்பது என்பதிலும் அறம் இருக்கிறது. 2012இல் பெயர் வெளியிடாத ஒருவர், கடவுச்சொல் இல்லாமலோ ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலோ கிடந்த சுமார் 4.2 லட்சம் கருவிகளுக்குள் நுழைந்து, அவற்றைக் கொண்டே இணையத்தைக் கணக்கெடுத்தார். பிங்குக்குப் பதிலளித்தவை ஏறத்தாழ 42 கோடி என்றார். தரவு பயனுள்ளதுதான். எனினும், பிறர் வீட்டுப் பூட்டைத் திறந்து எடுத்த கணக்கெடுப்பை என்னால் ஏற்க இயலவில்லை. தாம் யாரென அறிவித்து, விலக விரும்புவோரை விலக்கி, நிதானமாகத் தட்டுவதே முறை.

ஐபிவி6 முறையின் 128 பிட் வெளியில் ஒவ்வொரு கதவையும் தட்டுவது இயலாது. தெரிந்த முகவரிகளின் பட்டியலைக் கொண்டுதான் மதிப்பிட முடியும். ஆதலால், முகவரிகள் வீணாகக் கிடக்கின்றன என்று யாரேனும் எண்ணிக்கையோடு வாதிட்டால், நான் முதலில் கேட்பது இதுதான்: மௌனமாக இருந்தவற்றை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?