இரத்தம் சிந்தாத காயம்

கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தால் இரத்தம் வருகிறது. உடனே மருந்து போடுகிறோம். கை ஒடிந்தால் வீங்குகிறது, மாவுக்கட்டுப் போடுகிறார்கள். தலையில் அடிபட்டபின் இரத்தமும் இல்லாமல், எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் இருக்கும் ஒரு காயம் உண்டு. மருத்துவர்கள் அதைக் 'கன்கஷன்' என்பர். நாம் மூளை அதிர்ச்சி எனலாம். லாரிகளும் தள்ளுவண்டிகளும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடிக்கும் வால்டாக்ஸ் சாலையைக் கடந்து பள்ளிக்கு வருகிறவர்கள் நம்மில் பலர். மாலையில் கபடியும் கோ-கோவும் ஆடுகிறோம். ஆகவே இது நமக்குத் தொலைவான விஷயமன்று.

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அது மிகவும் மென்மையானது. மண்டையோட்டுக்குள்ளே நீர் போன்ற ஒரு திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது. சைக்கிளில் பால் கேன் கொண்டு போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? கேன் நின்றுவிடும், உள்ளிருக்கும் பால் நிற்காமல் முன்னும் பின்னும் அலைமோதும். தலை சட்டென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மூளையும் அவ்வாறே குலுங்குகிறது. அதன் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே நிற்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அவற்றை அதனதன் இடத்தில் மறுபடி சேர்க்க மூளைக்கு மிகுந்த சக்தி தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் அதற்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. எலும்பு உடையவில்லை, இரத்தம் கசியவில்லை என்பதால் ஸ்கேன் படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தலையில் நேராக அடிபட வேண்டுமென்பதுகூட இல்லை. தோளிலோ முதுகிலோ பலமாக மோதித் தலை உலுக்கப்பட்டாலும் போதும்.

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அது மண்டையோட்டைக் காக்கும், உயிரைக் காக்கும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுவதும் தடுக்க இயலாது. இதைச் சாக்கு வைத்து அப்பாக்களும் அண்ணன்மார்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம்!

மூளை அதிர்ச்சி என்றால் மயங்கி விழ வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, காரணமின்றி எரிந்து விழுவது, படித்தது மனத்தில் நில்லாமை ஆகியவையே அறிகுறிகள். இவை சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். 2020 டிசம்பர் 4-ஆம் நாள் கான்பராவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய நம் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் கடைசி ஓவரில் பந்து தாக்கியது. அவர் தொடர்ந்து ஆடி 44 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். உடை மாற்றும் அறைக்கு வந்த பின்னரே தலைசுற்றல் ஏற்பட்டது. அவருக்குப் பதிலாகச் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். இந்த மாற்றத்தைக் குறித்து எதிரணியினர் வாதிட்டனர். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிபட்டவரை நம்புவதே கடினமாகிவிடுகிறது பாருங்கள்! இத்தகைய மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் விதி சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019-இல்தான் வந்தது.

நம் வடசென்னைக்குக் குத்துச்சண்டை சொந்த விளையாட்டு. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தாத்தாக்கள் இன்றும் கண்கள் மின்னப் பேசுவார்கள். முகமது அலியே 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடினார். 'நாக்-அவுட்' என்றதும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறதே, அந்தக் கணம் உண்மையில் மூளை அதிர்ச்சியே. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய வீரர்களுக்குத் தள்ளாட்டமும் நாக்குழறலும் மறதியும் வருவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. தலையில் வாங்கிய அடிகளுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் நெடுங்காலம் விவாதித்தனர்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது இரண்டாவது அடி. முதல் அதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் அடிபட்டால், அது சிறிய அடியானாலும், மூளை திடீரென்று வீங்கிவிடக்கூடும். இது அபூர்வம், ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வட அயர்லாந்தில் 2011-இல் பள்ளி ரக்பி ஆட்டமொன்றில் அடிபட்டும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் இறந்தான். நம்மைவிட ஒரு வயது இளையவன். ஆகவே ஆட்டத்தில் தலை மோதிய பெண்ணை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கவே கூடாது. இறுதிப் போட்டியாயினும் சரி, கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. "ஒன்றுமில்லை மிஸ், நான் ஆடுவேன்" என்று அவளே சொல்வாள். அப்படிச் சொல்வதும் அடிபட்ட அந்த மூளைதானே!

மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாதல், காதிலோ மூக்கிலோ நீர் வடிதல், கை கால் தளர்ச்சி, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம். தைலம் தடவிக்கொண்டு காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். நமக்கு அருகிலேயே, சென்ட்ரலுக்கு எதிரே, அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் பி. இராமமூர்த்தி மூளை அறுவைச் சிகிச்சையை 1950-இல் தொடங்கியது அங்கேதான்.

ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் ஓய்வே மருந்து. அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. பரிசோதனை ஆன பிறகு தாராளமாகத் தூங்கலாம். முதல் இரண்டு நாள் செல்போனும் தொலைக்காட்சியும் மிகக் குறைவாக இருக்கட்டும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் மெல்ல நடமாடலாம். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறுவர்; நம் வயதினருக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். பெண்களுக்குச் சற்றுக் கூடுதல் நாள் ஆவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நாட்களில் கரும்பலகையைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்று ஒரு மாணவி சொன்னால் அது சோம்பலன்று. முதலில் அரை நாள் வகுப்பு, பிறகு முழு நாள், பிறகு வீட்டுப்பாடம், அதன்பின் தேர்வு என்று படிப்படியாக அவளைத் திரும்ப விடலாம். விளையாட்டிலும் நடை, மெல்லோட்டம், தனிப்பயிற்சி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு நாளாவது பொறுத்து, தலைவலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். ஆள்மேல் ஆள் விழும் கபடிக்கு மருத்துவர் அனுமதி தந்த பின்னரே இறங்கலாம்.